தவளைக்குப் பட்டா இல்லை

அக்கா,

இன்று காலை எதிர் மனையில் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கினார்கள். மேலே கொட்டியிருந்த சிவப்பு மண்ணை அள்ளிப் போட்டதும் அடியிலிருந்து கறுப்புக் களிமண் வந்தது. அதோடு கை நிறைய நத்தை ஓடுகள். அந்த வாடை மாடிக்கு ஏறி வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே பால்கனிக்கு வந்து நின்றுவிட்டேன். ஏரிச் சேற்றின் வாடை. உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. "என்னை நினைக்க உங்களுக்கு மல்லிப்பூ வாசனையெல்லாம் கிடைக்கலையா டீச்சர்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுந்தது.

கிடைக்கவில்லை அக்கா. நீங்கள் பூ வைத்து நான் பார்த்ததே குறைவு. மறைமலை நகர் தொழிற்சாலையில் கார் உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவில் மேற்பார்வையாளர் நீங்கள். மெஷினில் சிக்கும் என்று பூ வைக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும், மாடியில் வாடகைக்கு நான். என் கணவருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை. மாதத்துக்கு ஒரு முறை வந்து, என்னைவிட உங்களிடம் அதிக நேரம் பேசிவிட்டுப் போவார். காலையில் நாம் இருவரும் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் வரை சேர்ந்தே நடப்போம். அங்கே உங்களுக்குக் கம்பெனி பஸ், எனக்குத் தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோ. நான் பள்ளியில் தமிழ் நடத்தப் போவேன். நீங்கள் இரும்பு வளையங்களில் ஓட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போவீர்கள். இரண்டும் ஒரே வேலைதான் என்று ஒருநாள் சொன்னீர்கள். அப்போது நான் சிரித்தேன்.

காலனி சங்கத்தின் ஆண்டு விழாவுக்குக் கவிதைப் போட்டி வைத்தார்களே, அது எல்லோர் கையிலும் புதிதாகச் செல்போன் முளைத்திருந்த காலம். தலைப்பு 'மாறும் இயற்கை'. நடுவர்கள் இருவர் வேண்டும். தமிழாசிரியை என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது நடுவரைத் தேடி வந்த செயலாளர் உங்கள் வாசலில் நின்று, "தமிழ் படிச்சவங்க ஒருத்தர், படிக்காதவங்க ஒருத்தர். அப்பதான் நியாயமா இருக்கும் மேடம்" என்றார். வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பார்கள். நீங்கள் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டீர்கள்.

பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு வந்த கவிதைகளை என் சமையலறை மேஜையில் பரப்பிவைத்துப் படித்தோம். ஒருவர் மாமியாரின் சுபாவம் மாறியதை இயற்கை என்று நினைத்து எழுதியிருந்தார். இன்னொருவர் கவிதையின் அடியில் தன் டியூஷன் சென்டரின் முகவரியைச் சேர்த்திருந்தார். நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்து "ரிஜெக்ட்" என்று தரையில் அடுக்கினீர்கள். எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். கம்பெனியில் உங்களிடம் இருக்கும் ஒரு கருவியைப் பற்றிச் சொன்னீர்கள். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை ஓட்டைக்குள் நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது. இரண்டும் நுழைந்தால் ஓட்டை பெரிசு, இரண்டும் நுழையாவிட்டால் சிறிசு.

"கவிதையும் அதேதான் டீச்சர். ஒரு பக்கம் புரியணும். இன்னொரு பக்கம் புரியக் கூடாது. ரெண்டு பக்கமும் புரிஞ்சிட்டா அது நோட்டீஸ்."

கடைசியில் மேஜையில் மிஞ்சியவை இரண்டு. ஐந்தாம் எண், பதினோராம் எண். இரண்டுமே நம் ஏரியைப் பற்றியவை. பாதி தூர்த்து மனையாக்கப்பட்டு, அந்த மனைகளில் ஒன்றில் இந்த வீடும் நிற்கிறதே, அந்த ஏரி.

ஐந்தாம் எண் யாருடையது என்று காலனி முழுக்கத் தெரியும். சங்கத் தலைவர் காலை நடையின்போதே அதைப் பாடிக்கொண்டு போவார். மூன்று பக்கம் நீண்ட இரங்கல் அது.

நேற்று வரை நீ அன்னை
இன்று நீ மனை
கொக்குகள் வெள்ளை உடுத்தி
உனக்குத் துக்கம் காக்கின்றன
மனிதா, மனிதா, நீ செய்தது என்ன

பதினோராம் எண்ணுக்கு மொத்தமே ஏழு வரி.

மழைக்கு முன்னால்
தவளையே இல்லை.
மழைக்குப் பின்னால்
தவளை மட்டுமே.
நடுவில் எங்கே இருந்தாய் என்றேன்.
இங்கேதான் இருந்தேன்,
நடுவில் வந்தது நீ.

நான் தவளையின் பக்கம். நீங்கள் கொக்கின் பக்கம்.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். ஐந்தாம் எண்ணைப் படித்துவிட்டு நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். வெங்காயம்கூட அப்போது நறுக்கவில்லை. "கொக்கு எப்பவும் வெள்ளைதானே அக்கா, அது எப்படித் துக்கம் ஆகும்?" என்று கேட்டேன். "முன்னாடி சும்மா வெள்ளையா இருந்துச்சு. இப்ப அதுக்கு ஒரு காரணம் இருக்கு" என்றீர்கள். பதில் நன்றாக இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. 'மனை' என்றால் தமிழில் மனைவி என்றும் பொருள் உண்டு, நேற்று அன்னையாக இருந்தவள் இன்று மனையானாள் என்றால் விபரீதம் என்றேன். நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "டீச்சருங்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோணும்."

பிறகு என் பாடத்தை ஆரம்பித்தேன். ஐந்தாம் எண்ணில் மாற்றம் என்பது ஒரே நேர்க்கோடு. ஏரி இருந்தது, போனது, முடிந்தது. இயற்கைக்கு அதில் வாயே இல்லை. மனிதன் கொல்கிறான், மனிதனே அழுகிறான். பதினோராம் எண்ணில் மாற்றம் வட்டம். தவளை போகவே இல்லை, காத்திருந்தது. அங்கே பேசுவது இயற்கை, பதில் தெரியாமல் நிற்பது மனிதன். இதையெல்லாம் கரும்பலகை இல்லாத குறையோடு கையை வீசிச் சொன்னேன்.

நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, "அந்தத் தவளை வீட்டு ஓனர் மாதிரி பேசுது" என்றீர்கள்.

"உண்மையைத்தானே பேசுது."

அவ்வளவுதான். கோபமோ கலக்கமோ வந்தால் மட்டும் உங்கள் பேச்சில் எட்டிப்பார்க்கும் பிறந்த ஊர் ராயபுரம் வந்துவிட்டது. "இன்னா உண்மை? பட்டா என் பேர்ல கீது டீச்சர். தவளை பேர்ல இல்ல. குடியிருக்கிறவங்களுக்கு ஓனர் மேல இருக்கிற கடுப்புல நீங்க தவளைக்கு ஓட்டு போடுறீங்க."

"தலைவருக்குப் பயந்து நீங்க கொக்குக்குப் போடுறீங்க" என்றேன்.

நீங்கள் எழுந்து கீழே போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நம் இருவருக்கும் பேச்சில்லை.

காலையில் ஜங்ஷனுக்கு நீங்கள் இந்த ஓரமும் நான் அந்த ஓரமுமாக நடந்தோம். நடுவில் ஒரு மாடு வரும். யாராவது பார்த்தால் மூவரும் சேர்ந்து போகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். மோட்டார் போட வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக்காரரைத் தூது அனுப்பினீர்கள். அவர் மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "மோட்டார்" என்பார். நான் "சரி சார்" என்பேன். அவர் இறங்கிவிடுவார். ஒரு நாளில் அவர் பேசும் மொத்தப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அரசாங்க வேலையில் தபால்களுக்கு முத்திரை வைத்து முத்திரை வைத்து அவருக்கும் யாரோ வாயில் முத்திரை வைத்துவிட்டார்கள் என்று நீங்களே சொல்வீர்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஐப்பசி மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரே மூச்சாகப் பெய்தது. ஒரு விடியற்காலை பால் பாக்கெட் எடுக்க எட்டிப் பார்த்தேன். அது கேட்டிலிருந்து வாசலுக்கு மிதந்து வந்துகொண்டிருந்தது. தெரு இல்லை. ஏரி நிரம்பி வழிந்து, தனக்குத் தெரிந்த பழைய வழியில் வந்துவிட்டது. கீழே உங்கள் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு உங்கள் குரல். பதற்றமே இல்லை. ஏதோ பஸ்ஸில் சீட் கேட்பது மாதிரி.

"டீச்சர், மேல இடம் கீதா?"

பல நாள் கழித்து நீங்கள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

ஓடி இறங்கினேன். முழங்கால் தண்ணீரில் நின்று மூவரும் பொருள்களை ஏற்றினோம். அரிசி டிரம், மிக்ஸி, டிவி, உங்கள் சர்டிபிகேட் பை, காஸ் சிலிண்டர். ஃப்ரிட்ஜை அசைக்க முடியவில்லை. அது நின்ற இடத்திலேயே மெல்லச் சாய்ந்து, அலுத்துப்போன ஆள் மாதிரி சுவரில் சாய்ந்துகொண்டது. உங்கள் வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு வாளியைத் தூக்கி வந்தார். அதற்குள் ஷேவிங் செட்டும் ஒரு குடையும் இருந்தன. நீங்கள் வாளியைப் பார்த்தீர்கள், அவரைப் பார்த்தீர்கள். பீரோவின் அடித்தட்டில் இருந்த பட்டுப்புடவைகள் நனைந்த பிறகுதான் நினைவுக்கு வந்தன.

தண்ணீர் வடிய நாலைந்து நாளாகும் என்றார்கள். கரண்ட் இல்லை. மூன்று வேளையும் உப்புமா. வீட்டு ஓனர் குடித்தனக்காரர் வீட்டில் அடைக்கலம். நீங்கள் அதைக் கௌரவமாகத் தாங்கிக்கொள்ளக் கண்டுபிடித்த வழி, என் சமையலறையைச் சோதனை போடுவது. காலாவதியான பெருங்காயம் ரிஜெக்ட். மூடி சேராத டப்பாக்கள் ரிஜெக்ட். இரண்டாம் நாள் எனக்கே கடுகு எங்கே இருக்கிறது என்று உங்களைக் கேட்க வேண்டியிருந்தது. படிக்கட்டில் இறங்கிப் பார்த்தால் உங்கள் ஹாலில் கெண்டைக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. வாசல் பக்கத்திலிருந்து தவளைகள். எத்தனை என்று தெரியாது. சங்கக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்களே, அப்படி.

மூன்றாம் நாள் மத்தியானம், பொழுது போகாமல், "எடுங்க அந்தத் தவளையை" என்றீர்கள். கவிதைத் தாள்கள் பத்திரமாக என் அலமாரியில்தான் இருந்தன. பதினோராம் எண்ணைக் கொடுத்தேன். என்னைச் சீண்டுவதற்காகவே, தலைவர் மாதிரி கழுத்தை நீட்டி, கையை ஆட்டி, உரக்கப் படித்தீர்கள். "மழைக்கு முன்னால் தவளையே இல்லை. மழைக்குப் பின்னால் தவளை மட்டும்."

சுவரோரம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த உங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"மட்டும் இல்ல. மட்டுமே."

நான் உப்புமாக் கரண்டியோடு நின்றுவிட்டேன். அவரிடம் அந்தத் தாளை யாரும் காட்டியதில்லை. நீங்கள் தாளைப் பார்த்தீர்கள். 'மட்டுமே' என்றுதான் இருந்தது.

"நீங்க எழுதினதா?"

"ஆமா."

"யாரைப் பார்த்து எழுதினீங்க?"

"தவளையைப் பார்த்து."

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நீங்கள் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனீர்கள். சற்று நேரம் கழித்து நானும் வந்தேன். படிக்கட்டில், தண்ணீர் தொடாத கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே தண்ணீரில் உங்கள் செருப்பு ஒன்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எடுக்கக் கை நீட்டவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்கிட்ட சேர்ந்தாப்பல ஏழு வரி பேசினதில்ல டீச்சர்" என்றீர்கள். "தவளைக்கு ஏழு வரி."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் இந்த மனை வாங்கிய கதையைச் சொன்னீர்கள். பார்க்க வந்த அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க தண்ணி நிக்கும்" என்றாராம். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போகிற தூரம் என்று நீங்கள்தான் பிடிவாதமாக இருந்தீர்கள். அவர் இரண்டாவது தடவை சொல்லவில்லை. வீடு கட்டினீர்கள். ஒவ்வொரு மழைக்கும் அவர் வாசலில் நின்று தவளைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாராம்.

"அஞ்சாம் நம்பர் ஏன் எனக்குப் பிடிச்சுதுன்னு இப்பதான் தெரியுது. அது 'மனிதா'ன்னு திட்டுது. அது யாரு? யாரோ. நானும் கூட்டத்துல ஒருத்தியா நின்னு அழுதுட்டு வந்துடலாம். இது 'நீ'ங்குது." குரல் இறங்கிவிட்டது. "நடுவுல வந்தது நீன்னா, நான்தானே?"

அக்கா, இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்துகிறேன். அது ஒருவருக்கு உடனடியாகப் பயன்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். தாளை விரித்து ஐந்தாவது வரியில் விரலை வைத்தேன். "'என்றேன்'னு இருக்கு பாருங்க. கேட்டது யாரு?"

"அவரு."

"கேட்டவருக்குத்தானே தவளை பதில் சொல்லும்? அப்ப 'நீ' யாரு?"

நீங்கள் வரியைத் திரும்பப் படித்தீர்கள். உதடு அசைய, ஒரு உதிரிபாகத்தைத் திருப்பிப் பார்ப்பது போல.

"தன்னைத்தான் சொல்லிக்கிறாரா?"

"கவிதையில அப்படித்தான் இருக்கு."

"இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு ஒரு தவளை வேணுமா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தீர்கள். சிரித்தீர்களா அழுதீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அவருக்கு உப்புமா வைத்துக் கொடுத்தீர்கள். "மட்டுமே போதுமா, இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று கேட்டீர்கள். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தண்ணீர் வடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி இதுவரை யாரும் கவிதை எழுதவில்லை. கணுக்கால் வரை சேறு. சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. பக்கெட்டால் அள்ளி, துடைப்பத்தால் தள்ளி, பினாயில் ஊற்றி, மறுபடி அள்ளி. மாடி வீடு என்று சும்மா இருக்க முடியாமல் நானும் இறங்கினேன். தலைவர் வீட்டிலும் அதே சேறு. கவிஞர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் சாக்கடையைக் குத்திக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜுக்குள் இருந்து ஒரு தவளை வெளியே வந்தது. நீங்கள் அதை முறத்தில் ஏந்திக்கொண்டு போய் காம்பவுண்டுக்கு வெளியே விட்டீர்கள். "போய்ட்டு வா" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஆண்டு விழா தள்ளிப்போய், சேறு காய்ந்த பிறகு நடந்தது. நடுவர் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நீங்கள் எனக்கு முன்னால் மைக்கைப் பிடித்துவிட்டீர்கள்.

"பதினொண்ணாம் நம்பர் எங்க வீட்டுல தயாரான சரக்கு. அது எனக்கு நடுவுல தெரிஞ்சுபோச்சு. எங்க வீட்டு சரக்கை நானே பாஸ் பண்ணக் கூடாது. அதனால என் ஓட்டு அஞ்சுக்கு, டீச்சர் ஓட்டு பதினொண்ணுக்கு. சமம்." கூட்டம் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "அஞ்சாம் நம்பர், ஏரியை மூடின அன்னிக்கு உண்மை. பதினொண்ணு, ஏரி திரும்பி வந்த அன்னிக்கு உண்மை. ரெண்டும் நல்ல பீஸ்தான். ஆனா ஏரி வந்துட்டுப் போன மறுநாள்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு கவிதையையும் நல்லாத் தேடிட்டேன். ரெண்டுலயும் துடைப்பம் இல்ல."

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. தலைவர் மெதுவாக, "அப்ப பரிசு?" என்று கேட்டார். பரிசு ஒரு சுவர்க்கடிகாரம். வெட்டிப் பங்கு போட முடியாது. நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல், கோடையில் அது தலைவர் வீட்டில் மாட்டட்டும், மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக்கு வரட்டும் என்றீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை அந்தக் கடிகாரம் தெரு மாறியதையும், ஒவ்வொரு மழைக்கு முன்பும் தலைவர் அதைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுக் காபி குடித்ததையும் காலனியில் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நீங்கள் போனது போன பங்குனியில். மழைக்கு வழியே இல்லாத மாதம். ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோதுகூட, "அந்த நர்ஸ் ஊசி போடுறது நல்ல பீஸ் டீச்சர், பாஸ்" என்றீர்கள். நான் தைரியமாகத்தான் வீடு திரும்பினேன்.

சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். தமிழாசிரியை என்பதால் கவிதை வாசிக்கச் சொன்னார்கள். உட்கார்ந்து எழுதினேன். முதல் வரியில் நீங்கள் வானத்தில் விண்மீன் ஆனீர்கள். உங்கள் கருவியின் இரண்டு முனையும் நுழைந்தன. அடித்தேன். இரண்டாவதில் மரம் இலையை உதிர்த்தது. அதிலும் இரண்டும் நுழைந்தன. மூன்றாவதில் நானே 'மரணமே, மரணமே' என்று ஆரம்பித்துவிட்டேன். யாரையோ திட்டிவிட்டுக் கூட்டத்தில் நின்று அழப் பார்க்கிறேன் என்று புரிந்ததும் பேனாவை மூடி வைத்தேன். கூட்டத்தில் எழுந்து, நீங்கள் ஒரு தவளையை முறத்தில் ஏந்திப் போனதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உங்கள் வீட்டுக்காரர் முதல் வரிசையில் இருந்தார். வெளியே வரும்போது என் பக்கத்தில் நின்று, "சரியா இருந்துச்சு" என்றார். அவர் கணக்கில் அது நீண்ட பேச்சு.

இப்போதும் பள்ளியில் 'இரு கவிதைகளை ஒப்பிடுக' என்று கேள்வி வருகிறது. பிள்ளைகள், முதல் கவிதையில் மாற்றம் சோகமாக உள்ளது, இரண்டாவதில் மகிழ்ச்சியாக உள்ளது என்று எழுதிவிட்டு ஓடப் பார்க்கிறார்கள். நான் பிடித்து நிறுத்தி, யார் பேசுகிறார்கள், யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள், மறுநாள் யார் பெருக்கினார்கள் என்று கேட்கிறேன். மூன்றாவது கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை என்று தலைமையாசிரியர் வருத்தப்படுகிறார். விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு மதிப்பெண் போட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒன்று நான் போடுவது, இன்னொன்று நீங்கள் போடுவது. உங்களுடையது எப்போதும் இரண்டு குறைவு. பிள்ளைகளுக்கு என்னுடையதைக் கொடுத்துவிட்டு, உங்களுடையதை அழிக்காமல் விட்டுவிடுகிறேன்.